ஏழைப் பிள்ளைகளுக்கு விளக்கேற்றிய காமராசர்

ஆலயத்திலே நற்கருணைப் பேழைக்கு அருகில் இரவும் பகலும் எரிகின்ற விளக்கை அணையாவிளக்கு என்று அழைக்கிறோம். பெயர்தான் அப்படி. எண்ணெய் ஊற்றுகிறவர் ஒருநாள் மறந்துவிட்டால் அதுவும் அணைந்துதான் போகும். கோவில்பிள்ளையைக் கேட்டால் சொல்லுவார். சுடரைப் பார்த்து முழந்தாட்படியிடுகிறவர்கள் நூறு பேர் என்றால், எண்ணெய் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறவர் ஒரே ஒருவர். நெய்க்குப் பேர்போன ராசிபுரத்தில் வாழ்கிற நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பஞ்சுத்திரி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், நெய் வார்க்காவிட்டால் திரிதான் கருகும்.

கல்வியை ஒளி என்று சொல்லுவது நம் நாட்டு வழக்கம். பள்ளி ஆண்டுவிழாக்களில் குத்துவிளக்கு ஏற்றுகிறோம். பிள்ளைகள் கையில் மெழுகுதிரி கொடுத்து அணிவகுக்கச் செய்கிறோம். ஆனால் காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்த பிள்ளையின் கண்ணுக்குக் கரும்பலகையில் எழுதிய எழுத்து தெரியுமா? பள்ளிக்கூடம் என்னும் விளக்குக்கு எண்ணெய் வார்க்கிறவர் யார்? இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஒருவர் நம் தமிழகத்தில் இருந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவர் அவர். ஜூபிலி மலரில் ஓர் அரசியல் தலைவருக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். கட்சிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நம் பங்கு மக்களில் இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள், தாங்கள் எப்படிப் பள்ளிக்குப் போனோம் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்த்தால், இவர் வரலாறு ஏன் இங்கே வருகிறது என்பது விளங்கிவிடும்.

விருதுபட்டி என்று அந்நாளில் வழங்கிய விருதுநகரில் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார் காமராசர். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டார்கள். தாய் செல்லமாக ராஜா என்று கூப்பிட, இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆயிற்று. நாகம்மாள் என்று ஒரு தங்கை. குடும்பம் ஓரளவு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் மகனுக்கு ஆறு வயதாகும்போது தந்தை காலமானார். சிவகாமி அம்மையார் தம் நகைகளை விற்று, வந்த பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைத்து, அதன் வட்டியில் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். கைம்பெண்ணின் வீட்டில் அடுப்பு எரிவது எத்தனை பாடு என்பது அந்தச் சிறுவனுக்கு எழுத்து தெரியுமுன்பே தெரிந்துவிட்டது.

திண்ணைப் பள்ளியில் தொடங்கிய படிப்பு, பிறகு அவ்வூர்ச் சத்திரிய வித்தியாசாலையில் தொடர்ந்தது. இந்தப் பள்ளியைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். ஊர் நாடார் சமூகத்தார் தங்கள் வியாபாரத்தில் வந்த மகமைப் பணத்தைக் கொண்டு நடத்திய இலவசப் பள்ளி அது. அதற்குத் துணையாகப் பிடியரிசியும் உண்டு. வீடுதோறும் தாய்மார் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் வைப்பார்கள். அந்த அரிசி சேர்ந்து பள்ளிக்குப் போகும். நம் பங்குகளிலும் பிடியரிசி சேர்த்துக் கோவில் கட்டிய வரலாறுகள் உண்டு. ஆகவே இது நமக்குப் புதிதன்று. பணக்காரர் ஒருவர் கட்டிக்கொடுத்த பள்ளியில் படித்திருந்தால் காமராசர் வேறுவிதமாக நினைக்கக் கற்றிருக்கலாம். அவர் படித்ததோ, ஊரே ஒவ்வொரு பிடியாகக் கொடுத்து வளர்த்த பள்ளி. நாற்பதாண்டுகளுக்குப் பிறகு ஒரு மாநிலத்துக்கே சோறு போட அவர் துணிந்ததற்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

பள்ளியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்காக மாணவர்களிடம் காசு வாங்கிப் பூசை நடத்திப் பிரசாதம் வழங்கினார்களாம். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள். காமராசர் ஒதுங்கி நின்றார். கடைசியில் அவருக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். வீட்டில் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டபோது, எல்லோரிடமும் ஒரே காசு வாங்கினார்கள், எல்லோருக்கும் ஒரே அளவு கொடுக்கவேண்டியது வாத்தியார் வேலை, அதற்கு நான் ஏன் இடித்துக்கொண்டு போகவேண்டும் என்று சொன்னாராம். முண்டியடிக்கத் தெரியாத பிள்ளைக்கும் பங்கு போய்ச் சேரவேண்டும் என்ற எண்ணம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

படிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. பன்னிரண்டு வயதளவில் பள்ளியை விட்டு, தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். வீட்டு நிலைமை அப்படி. கடையில் இருந்தபடியே பத்திரிகை படிக்கவும் கூட்டங்களுக்குப் போகவும் தொடங்கினார். பிறகு நடந்ததெல்லாம் நாடறிந்த கதை. காங்கிரசில் சேர்ந்தார். 1930இல் வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுத் தண்டனை பெற்று வங்காளத்து அலிப்பூர்ச் சிறைவரை போனார். வேலூர்ச் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்து, முழுநேரமும் கவனிக்க முடியாத பதவி எனக்கு வேண்டாம் என்று உடனே விலகிவிட்டார். 1942 முதல் 1945 வரை மறுபடியும் சிறை. மொத்தத்தில் ஏறத்தாழ ஒன்பதாண்டு காலம் கம்பிகளுக்குள் கழிந்தது. பள்ளியில் விட்ட படிப்பை அவர் பிடித்துக்கொண்டது அங்கேதான். உடனிருந்தவர்களிடம் கேட்டும், புத்தகங்களை எழுத்துக்கூட்டியும் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். மணம் செய்துகொள்ளவில்லை, சொத்தும் சேர்க்கவில்லை.

இங்கே நம் சேலம் சீமையைச் சேர்ந்த ஒரு பெரியவரின் பெயர் வருகிறது. ராஜாஜி அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வழக்குரைஞராக இருந்தவர். 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானவர். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் கண்டவர். கிராமத்து நெசவாளிகளிடத்திலும் ஏழைகளிடத்திலும் அவருக்கிருந்த அக்கறையை நம் பக்கத்து மக்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் முதலமைச்சராக அவர் 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளில் மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்பது ஏற்பாடு. இருக்கிற கட்டடத்திலும் இருக்கிற ஆசிரியரைக் கொண்டும் இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கிலே பிழையில்லைதான். ஆனால் தறிக்குழியில் இருப்பவன் மகன் தார் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், வண்ணான் மகன் வெளுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றால், விளக்கு யாருக்கு என்று மக்கள் கேட்டார்கள். நல்லவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு செய்கிற காரியமும் ஏழைப் பிள்ளையின் தலையில் கல்லாக விழக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ராஜாஜி பதவி விலக, 1954 ஏப்ரல் 13இல் காமராசர் முதலமைச்சரானார். கட்சித் தலைமைக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையே அழைத்து நிதியையும் கல்வியையும் அவரிடம் ஒப்படைத்தார். அடுத்த மாதமே அந்தத் தொடக்கக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. கல்வித்துறையை நடத்த நெ.து. சுந்தரவடிவேலு இயக்குநராக வந்தார். இந்த மூவரும் சேர்ந்ததால் நடந்த காரியங்கள்தாம் பின்னால் வருபவை. முதலமைச்சர் ஒருவரே தனியாக எல்லாம் செய்தார் என்று எழுதினால் அதை அவரே ஒப்பமாட்டார்.

முதல் வேலை, பள்ளி இல்லாத ஊருக்குப் பள்ளி. ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்பது குறிக்கோளாக இருந்தது. படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்போருக்கு உதவ மத்திய அரசு அப்போது ஒரு திட்டம் வைத்திருந்தது. அதை முழுக்கப் பயன்படுத்தி ஆயிரக்கணக்கில் ஓராசிரியர் பள்ளிகளைத் திறந்தார்கள். ஓர் ஆசிரியர் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு என்ன சொல்லிக்கொடுக்க முடியும் என்று குறைசொன்னவர்கள் உண்டு. குறையில் உண்மையும் உண்டு. ஆனால் இருட்டில் இருக்கிறவனுக்குச் சிம்னி விளக்கும் விளக்குதானே. சரவிளக்கு வரும்வரை இருட்டிலேயே இரு என்று அவனிடம் சொல்ல முடியாது.

பள்ளி வந்தது, ஆசிரியரும் வந்தார். பிள்ளைகள் வந்தார்களா? இங்கேதான் எண்ணெய்க் கதை தொடங்குகிறது.

சுற்றுப்பயணத்தின்போது நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைத் தமிழ்நாடு முழுவதும் சொல்லுவார்கள். தென்பாண்டிச் சீமையில் இரயில்வே கேட் ஒன்று மூடியிருக்கக் காமராசரின் கார் நின்றது. பக்கத்தில் சிறுவன் ஒருவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். இறங்கிப் போய், பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டார். போனால் சோறு நீங்கள் போடுவீர்களா என்று அவன் திருப்பிக் கேட்டானாம். அவர் பதில் சொல்லாமல் காரில் ஏறிக்கொண்டார் என்பார்கள். இந்தக் கதை ஊருக்கு ஊர் சற்று மாறிவரும். ஆனால் அந்தச் சிறுவன் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் இருந்தான் என்பதில் மட்டும் ஐயமில்லை. நம் பக்கத்திலே அவன் ஆட்டுக்குப் பதிலாக மாடு மேய்த்தான், தார் சுற்றினான், கடலைக்காட்டில் களை எடுத்தான். காலையில் சோளக்கூழோ கம்மங்கூழோ இருந்தால் குடித்தான். இல்லாவிட்டால் வேலைக்குப் போன இடத்தில் கிடைத்தது. பள்ளிக்குப் போனால் அதுவும் கிடையாது.

மதிய உணவு என்பது அவர் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. சென்னையில் 1920இலேயே மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் முயற்சியால் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளி இருந்த பேட்டையின் பெயர் ஆயிரம் விளக்கு! பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள். சில ஆண்டுகளில் அன்றைய அரசின் தடையால் அது நின்றுபோயிற்று. கிறிஸ்தவ மறைப்பணியாளர் நடத்திய விடுதிகளிலும் அனாதை இல்லங்களிலும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் சேர்த்தே கொடுத்த வழக்கம் இருந்தது. ஆனால் ஒரு மாநிலம் முழுவதும், நகரம் குக்கிராமம் என்று பாராமல், ஏழைப் பிள்ளைகளுக்கு நடுப்பகலில் இலை போடுவது என்பது வேறு காரியம். பணம் எங்கிருந்து வரும் என்று அதிகாரிகள் கேட்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை. கஜானாவைக் காப்பது அவர்கள் கடமை.

காமராசர் கண்ட வழி அவர் சிறுவயதில் பார்த்த பிடியரிசி வழிதான். முதலில் ஊராரே முன்வந்து நடத்தட்டும் என்றார். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். இதற்காகத் துண்டேந்திப் பிச்சையெடுக்கவும் தயார் என்கிற அளவுக்குப் பேசினார். அறுவடைக் காலத்தில் ஒருவர் நெல் கொடுத்தார். இன்னொருவர் காய்கறி கொடுத்தார். விறகு ஒருவர், பாத்திரம் ஒருவர். 1956இல் எட்டயபுரத்தில் அவரே வந்து மதிய உணவைத் தொடங்கி வைத்தார். ஊராரின் கை நீண்டதைப் பார்த்த பிறகு, அரசும் செலவில் பங்கேற்று 1957 நவம்பர் முதல் அதைத் தன் திட்டமாக ஏற்றது. ஆண்டுக்கு இருநூறு நாள் உணவு. 1961 முதல் அமெரிக்க நாட்டுக் கேர் நிறுவனம் பால்பொடி, எண்ணெய் முதலிய பொருள்கள் கொடுத்து உதவியது. அந்தப் பாலின் மணம் இன்னும் மூக்கில் இருப்பதாகச் சொல்லும் தாத்தாமார் நம்மிடையே உண்டு. பலருக்கு அது பிடித்திருந்தது, சிலருக்குப் பிடிக்கவில்லை.

எல்லா ஊரிலும் எல்லா நாளும் சோறு ஒழுங்காக வெந்தது என்று சொல்லமாட்டேன். சாம்பார் தண்ணீராக இருந்த இடங்களும், அரிசி வராமல் அடுப்பு மூட்டாத நாட்களும் இருக்கத்தான் செய்தன. ஏழை என்று அடையாளம் சொல்லி வரிசையில் நிற்கவைத்தபோது மானத்தால் எழுந்து போன பிள்ளைகளும் உண்டு. உணவு கொடுப்பது ஒன்று. கொடுக்கும்போது முகம் வாடாமல் கொடுப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது காரியத்துக்காகவே அடுத்து ஒன்று செய்தார்கள். 1960 வாக்கில் சீருடை வந்தது. அது ஒழுங்குக்காக வந்தது என்று இப்போது நினைக்கிறோம். கந்தல் கட்டி வந்த பிள்ளை பட்டுச்சட்டைப் பிள்ளையின் பக்கத்தில் கூசி உட்காராதிருக்க வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு அதை இலவசமாகக் கொடுக்கவும் ஊராரையே தூண்டினார்கள்.

இவ்வளவுக்கும் இடம் கொடுத்தவை பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். 1958இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாக நடந்தன. நம் கோவில் திருவிழாக்களில் உபயம் எழுதுவதுபோல, ஒவ்வோர் ஊரும் தன் பள்ளிக்கு என்ன கொடுக்கிறது என்று எழுதிக்கொடுக்கும். கட்டடம் கட்ட நிலம், பெஞ்சு, கடிகாரம், தேசப்படம், தண்ணீர்ப் பானை, எதுவானாலும் வாங்கிக்கொண்டார்கள். அரசு கொடுக்கவேண்டியதை மக்களிடம் கேட்கலாமா என்று அப்போது சிலர் எழுதினார்கள். கேட்டது சரியென்றே எனக்குப் படுகிறது. தன் கையால் ஒரு பானை வாங்கிக் கொடுத்தவன் அந்தப் பள்ளி மூடிக்கிடந்தால் சும்மா இருக்கமாட்டான்.

ஆசிரியர்களையும் மறக்கவில்லை. 1955இல் தனியார் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியம், சேமநிதி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த மும்முனைத் திட்டம் வந்தது. அதற்கு முன் நம் பங்குப் பள்ளிகளைப்போன்ற பள்ளிகளில் முப்பதாண்டு பாடம் சொல்லி வீட்டுக்குப் போன வாத்தியார், முதுமையில் மகன் கையை எதிர்பார்த்தே இருந்தார். விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவரின் வீடே இருட்டாக இருந்தது. ஓய்வூதியத்தைப் பற்றி ஊர்வலமும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனால் பழைய ஆசிரியர் குடும்பங்களைக் கேட்டால் அந்த ஆண்டின் அருமை தெரியும்.

1960இல், பெற்றோரின் ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு உயர்நிலைப்பள்ளிப் படிப்பும் இலவசமாயிற்று. அவருக்குப் பின் பக்தவத்சலம் முதலமைச்சராக இருந்தபோது அது எல்லோருக்கும் விரிந்தது.

சொல்லோவியமாக இல்லாமல் உண்மையாகவே விளக்கு வந்ததையும் சொல்லவேண்டும். நம் மேட்டூரில் 1934இல் அணை முடிந்து, மூன்றாண்டில் அங்கிருந்து மின்சாரமும் புறப்பட்டது. ஆனால் கம்பி போன வழியிலிருந்த கிராமங்களில் பல அதை அண்ணாந்து பார்த்ததோடு சரி. காமராசர் காலத்தில் குந்தா, பெரியாறு மின் திட்டங்கள் நிறைவேறின. நெய்வேலியில் நிலக்கரி வெட்டி 1962இல் மின்சாரம் எடுத்தார்கள். கிராமங்களுக்கு மின்சாரம் கொடுப்பதில் சென்னை மாநிலம் இந்தியாவிலேயே முன்னணியில் நின்றது. வயலில் பம்புசெட்டு ஓடத் தொடங்கியது. தெருமுனையில் ஒரு பல்பு எரிந்தது. வீட்டில் இணைப்பு வாங்க வசதியில்லாத பிள்ளைகள் அந்தக் கம்பத்தின் அடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து படித்தார்கள். விளக்கெண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் காசு பார்த்துக் காடாவிளக்கை ஊதி அணைத்துவிட்டு படு என்று சொன்ன தாய்மார், இனி அப்படிச் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. தேர்வுக் காலத்தில் ஒரே கம்பத்தடியில் நாலைந்து பிள்ளைகள், எதிர்வீட்டுத் திண்ணையில் அவர்களுக்குக் காவலாக ஒரு பாட்டி. இந்தக் காட்சி எத்தனை ஊர்களில் எத்தனை ஆண்டு நடந்தது!

பிள்ளைகளுக்கு இவ்வளவு செய்தவர் தம் தாய்க்கு என்ன செய்தார் என்று கேட்பது நியாயம். சிவகாமி அம்மையார் கடைசிவரை விருதுநகர் வீட்டிலேயே இருந்தார். மாதாமாதம் செலவுக்கு அளவான தொகை போகும். முதலமைச்சரின் தாயாயிற்றே என்று அதிகாரிகள் வீட்டுக்குள் தனியாகத் தண்ணீர்க் குழாய் போட்டுக்கொடுத்தபோது, தெருவில் எல்லோரும் பிடிக்கிற இடத்தில் அம்மாவும் பிடிக்கட்டும் என்று அதை எடுக்கச் சொல்லிவிட்டார் என்பது நாடெங்கும் சொல்லப்படும் செய்தி. மகன் என்ற முறையில் இது கொஞ்சம் கடுமைதான். தாய்க்கு ஒரு குழாய் கொடுத்தால் யாருக்கும் குறைந்துவிடாது. பிரசாதத்துக்கு முண்டியடிக்காத சிறுவன் முதலமைச்சரான பிறகும் மாறவில்லை என்றுதான் இதைப் புரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது.

பதவியைப் பிடித்துக்கொண்டிருக்கவும் இல்லை. கட்சிப் பணிக்காக மூத்தவர்கள் பதவி விலகவேண்டும் என்று தாமே சொல்லி, 1963 அக்டோபர் 2இல் தாமே முதலில் விலகினார். அகில இந்தியக் காங்கிரசுத் தலைவரானார். 1964இல் நேருவுக்குப் பின் சாஸ்திரியும், 1966இல் சாஸ்திரிக்குப் பின் இந்திரா காந்தியும் பிரதமராக வந்ததில் அவர் பங்கு பெரிது. இதெல்லாம் நாட்டு வரலாற்றில் பெரிய எழுத்தில் இருக்கிறது. நாம் விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் 1967இல் நடந்ததை மட்டும் தாண்டிப் போக முடியவில்லை. அரிசிப் பஞ்சமும் மொழிப் போராட்டமும் மக்களை வருத்தியிருந்த காலம். சொந்த ஊரான விருதுநகரில் அவர் தோற்றுப்போனார். தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற இளைஞர், மாணவர் தலைவராக இருந்தவர். வித்தியாசம் 1,285 வாக்கு. பிள்ளைகள் படிக்கவேண்டுமென்று துண்டேந்தத் துணிந்தவரை, படித்த பிள்ளைகளின் தலைமுறையே தோற்கடித்தது. அவர் யாரையும் சபிக்கவில்லை. மக்கள் தீர்ப்பு என்று ஏற்றுக்கொண்டார். நன்றிகெட்டவர்கள் என்று அவர் சார்பில் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவன் தன் மனப்படி வாக்குப் போடுவான். அதற்காகத்தானே விளக்கை ஏற்றியது? தனக்குக் கும்பிடு போடுவதற்காக ஒருவர் பிள்ளைக்குச் சோறு போட்டிருந்தால் அதற்குப் பெயர் வேறு. 1969இல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள், 1971இலும் அனுப்பினார்கள்.

அடுப்பு அதன்பிறகும் அணையவில்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2006 முதல் காமராசர் பிறந்தநாள் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2022இல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவு தொடங்கியது. அதை ஊர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் நீட்டியபோது, 2024 ஜூலை 15ஆம் நாள், காமராசர் பிறந்தநாளன்று, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் தொடக்கவிழா நடந்தது. அங்குள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் உணவருந்தினார். கத்தோலிக்கப் பள்ளி ஒன்றின் தரையில் அந்த இலை விரிந்தது நமக்கும் மகிழ்ச்சியே. கட்சிகள் மாறின; கொடுத்த பண்டம் மாறியது; ஆடு மேய்த்த சிறுவனின் கேள்வியை மட்டும் யாரும் தள்ளிவிட முடியவில்லை.

இனி அவருடைய கடைசி நாளைச் சொல்லவேண்டும். 1975ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாட்டில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. தம்மோடு உழைத்த தலைவர்கள் பலர் சிறையில் அடைக்கப்பட்டதைக் கேட்டு அவர் மனம் நொந்திருந்தார். உடலும் தளர்ந்திருந்தது. சென்னைத் தியாகராய நகர் திருமலைப் பிள்ளை வீதியில் வாடகை வீட்டில் வாசம். அக்டோபர் 2 வந்தது. காந்தி பிறந்தநாள்; பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் பதவியை விட்டிறங்கிய நாளும் அதுவே. மதிய உணவு உண்டு சற்றுப் படுத்தார். எழுந்தபோது உடம்பு வியர்த்துக் கொட்டியது. உதவியாளர் வைரவனை அழைத்து டாக்டருக்குச் சொல்லச் சொன்னார். டெலிபோன் செய்ய அவர் திரும்பியபோது, போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போகும்படி சொன்னார். ஆளில்லாத வேலைக்கு மின்சாரம் எரியக்கூடாது என்று எண்ணினாரோ, கண் கூசிற்றோ, யாரறிவார்.

வைரவன் விளக்கை அணைத்துவிட்டுப் போனார். டாக்டர் வந்து பார்த்தபோது காமராசரின் உயிர் பிரிந்திருந்தது. வீட்டில் இருந்தவை சில வேட்டி சட்டைகள், புத்தகங்கள், கொஞ்சம் சில்லறைப் பணம். மறுநாள் கிண்டியில் காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் அவர் உடலுக்குத் தீமூட்டினார்கள். வழிநெடுகப் புத்தகப்பையோடு நின்ற பிள்ளைகளும் உண்டு.